ஃபைல் எங்கே போகிறது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும்



நம் மண்டிக்கு யாராவது வந்து, "சீரகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே பதில் சொல்லுவோம். எந்தச் சுவரோரம், எத்தனையாவது அட்டி, அதில் புதுச்சரக்கு எது, பழைய சரக்கு எது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். வைத்த இடம் தெரியாமல் சரக்கு வைப்பவன் வியாபாரி அல்ல என்று நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

அதே கடையில் இருக்கும் கம்ப்யூட்டரைக் காட்டி, "போன மாத விற்பனைப் பட்டியல் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "பையனுக்குத் தெரியும்" என்பதுதான். பையனைக் கேட்டால், "உள்ளேதான் இருக்கு, தேடி எடுத்துத் தருகிறேன்" என்பான். சரக்கு விஷயத்தில் இப்படி ஒரு பதிலை நாம் ஒருநாளாவது ஒப்புக்கொள்வோமா? கணக்கு விஷயத்தில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்?

இதை மற்றவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் கடையில் நடந்த ஒரு தவறை வைத்தே எழுதுகிறோம்.

நவராத்திரி முதல் நாள் நடந்தது

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிய நாள் என்பது நம் அனைவருக்கும் நினைவிருக்கும். நெய், வெண்ணெய், பாதாம், பேரீச்சை போன்றவை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. குளியல் சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நவராத்திரியும் அன்றுதான் ஆரம்பம். சில்லறைக் கடைக்காரர்கள் விடிவதற்கு முன்பே புது விலைக்குக் காத்திருந்தார்கள்.

முதல் நாள் இரவே எங்கள் மகன் வீட்டில் உட்கார்ந்து, புது வரிப்படி விலைப்பட்டியலைத் திருத்தி, கடைக்கு மெயிலில் அனுப்பிவைத்தான். காலையில் கணக்கு எழுதும் தம்பி அதைத் திறந்து, இரண்டு மூன்று விலைகளைச் சரிபார்த்து, சேவ் கொடுத்து மூடினார். பிறகு வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பட்டியலை அனுப்பினார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று நாங்கள் கற்பூரம் ஏற்றினோம்.

பத்து மணிக்குப் போன் மேல் போன். முப்பது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, அரசாங்கம் குறைச்ச வரியை நீங்களே எடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன பட்டியல் பழைய பட்டியல்!

நெய் டின் ஒன்று வரி போடுவதற்கு முன் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதத்தில் வரி 1,080 ரூபாய். 5 சதவீதத்தில் 450 ரூபாய். டின் ஒன்றுக்கு 630 ரூபாய் வித்தியாசம். பில் போடும் மென்பொருளில் விகிதம் சரியாக மாற்றப்பட்டிருந்ததால், யாரிடமும் கூடுதலாக ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்தவுடனேயே இரண்டு பேர் பக்கத்து மண்டியில் சரக்கு எடுத்துவிட்டார்கள். போன வியாபாரம் நாளைக்கு வரும். பெயரில் விழுந்த கறை அவ்வளவு சீக்கிரம் போகாது.

எங்களுக்கு வந்த கோபத்தில், மூட்டை இறக்கும் ஆட்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருக்கும்போதே அந்தத் தம்பியைக் கடுமையாகப் பேசிவிட்டோம். "முதலாளி, நான் புதுசைத்தான் திருத்தினேன், அதைத்தான் அனுப்பினேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது?

இரவு கடை எடுத்து வைத்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் செய்ததை அப்படியே மறுபடி செய்து காட்டச் சொன்னோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

மெயிலில் வந்த புதுப் பட்டியல் 'டவுன்லோட்ஸ்' என்ற ஃபோல்டரில் இறங்கியிருக்கிறது. அதைத் திறந்து திருத்திச் சேவ் கொடுத்தபோது, திறந்த இடத்திலேயே அது சேவ் ஆகியிருக்கிறது. பிறகு வாட்ஸ்ஆப்பில் ஃபைல் இணைக்கும் ஜன்னலைத் திறந்தபோது, அது 'டாகுமெண்ட்ஸ்' ஃபோல்டரைக் காட்டியது. போன வாரப் பட்டியலை அங்கிருந்துதான் எடுத்து அனுப்பியிருந்தார். அங்கேயும் 'விலைப்பட்டியல்' என்ற அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. அவசரத்தில் அதைத் தொட்டார். அது பழையது.

தம்பி பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் பழுதாகவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேரேட்டை இரண்டு பரணில் வைத்துவிட்டு, எந்தப் பரணில் எது என்று சொல்லாமல் விட்டது நாங்கள்தான்.

கம்ப்யூட்டரின் பழக்கம்

இந்த 'ஓபன்', 'சேவ் ஆஸ்' ஜன்னல்கள் ஏன் ஒரு நேரம் ஒரு ஃபோல்டரையும், இன்னொரு நேரம் வேறொரு ஃபோல்டரையும் காட்டுகின்றன என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நம் சகோதர வணிகர்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிறக்கும்போதே ஒரு பழக்கம் உண்டு. எக்செல், வேர்டு ஆகியவை சாதாரணமாக டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரில் ஆரம்பிக்கும். குரோம் போன்ற பிரவுசர்களில் இறக்கும் எதுவும், மாற்றிச் சொல்லாவிட்டால், டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போகும். வங்கி ஸ்டேட்மெண்ட், ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் படிவம், ஈ-வே பில் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இரண்டாவது, கடைசியாக எந்த ஃபோல்டரில் சேவ் செய்தோம், எதிலிருந்து எடுத்தோம் என்பதை விண்டோஸ் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த இடத்தையே முதலில் காட்டும். நேற்று ஒருவர் பென் டிரைவில் சேவ் செய்திருந்தால், இன்று ஜன்னல் பென் டிரைவைக் காட்டலாம். பென் டிரைவைக் கழற்றியிருந்தால் வேறு எங்காவது திறக்கும். சில மென்பொருள்கள் இந்த ஞாபகத்தைப் பொருட்படுத்தாமல், தங்களுக்கென்று வைத்த ஃபோல்டரையே எப்போதும் காட்டும்.

மூன்றாவது, 'சேவ்' வேறு, 'சேவ் ஆஸ்' வேறு. வெறும் சேவ் கொடுத்தால், திறந்த இடத்திலேயே போய் உட்காரும். எங்கே என்று கேட்காது. எங்கள் கடையில் நடந்தது இதுதான்.

நான்காவது, ஒன்டிரைவ். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்து, பேக்கப் வசதியை இயக்கியிருந்தால், நம் டெஸ்க்டாப்பும் டாகுமெண்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். அப்போது பழைய டாகுமெண்ட்ஸ் ஒன்று, ஒன்டிரைவ் டாகுமெண்ட்ஸ் ஒன்று என இரண்டு இருக்க வாய்ப்பு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜி.பி.தான். அது நிறைந்தால் புதிய ஃபைல்கள் மேலே ஏறாது.

ஐந்தாவது, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் தனித்தனிப் பெயரில் நுழைந்தால், இருவருக்கும் தனித்தனி டாகுமெண்ட்ஸ், தனித்தனி டெஸ்க்டாப். ஒருவர் வைத்தது மற்றவர் கண்ணுக்குப் படாது. காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் கணக்கு எழுதும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபைல் காணவில்லை என்றால்

முதலில், புதிதாக இன்னொன்று தயார் செய்யாதீர்கள். அதுதான் இரண்டாவது பேரேடு பிறக்கும் வழி. அந்த மென்பொருளிலேயே 'ஃபைல்', 'ஓபன்' என்று போனால், சமீபத்தில் திறந்தவற்றின் வரிசை இருக்கும். எக்செலில் பெயருக்குக் கீழே அது இருக்கும் ஃபோல்டரும் தெரியும். பிரவுசரில் இறக்கியது என்றால் கண்ட்ரோல் பொத்தானோடு 'ஜே' எழுத்தை அழுத்தினால், இறக்கியவை எல்லாம் வரிசையாக வரும். அதில் 'ஷோ இன் ஃபோல்டர்' என்பதைத் தொட்டால் நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

அப்படியும் கிடைக்காவிட்டால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பெயரின் ஒரு பகுதியைத் தேடும் கட்டத்தில் போட்டுத் தேடலாம். ஒரே பெயரில் இரண்டு கிடைத்தால், திருத்திய தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழையதை உடனே அழித்துவிடாமல், அதன் பெயரில் 'பழையது' என்று சேர்த்து வையுங்கள்.

மெயிலில் வந்த ஃபைலைச் சேவ் செய்யாமல் அப்படியே திறந்து திருத்துவது பெரிய ஆபத்து. சில மெயில் மென்பொருள்கள் அதை ஒரு தற்காலிக ஃபோல்டரில் வைத்தே திறக்கும். அரைநாள் உழைத்துத் திருத்தியது பிறகு கைக்குக் கிடைக்காமலே போகலாம்.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

'டி' டிரைவில் 'கடைக்கணக்கு' என்று ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் நிதியாண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு ஆண்டுக்குள்ளும் கொள்முதல், விற்பனை, ஜி.எஸ்.டி., வங்கி, விலைப்பட்டியல் என ஐந்து பிரிவு. இதற்கு வெளியே கடை சம்பந்தப்பட்ட ஃபைல் எதுவும் இருக்கக்கூடாது.

பிறகு மென்பொருள்களின் பழக்கத்தை மாற்றினோம். எக்செலில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போனால், 'டீஃபால்ட் லோக்கல் ஃபைல் லொகேஷன்' என்ற கட்டம் இருக்கிறது. அதில் நம் ஃபோல்டரின் முழு முகவரியை எழுதி, 'சேவ் டு கம்ப்யூட்டர் பை டீஃபால்ட்' என்பதில் டிக் செய்தோம். குரோமில் 'செட்டிங்ஸ்', 'டவுன்லோட்ஸ்' பகுதியில், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டோம். 'கடைக்கணக்கு' ஃபோல்டர் மீது வலது பொத்தானை அழுத்தி, 'பின் டு குயிக் ஆக்சஸ்' கொடுத்தோம். விண்டோஸின் ஓபன், சேவ் ஆஸ் ஜன்னல்களின் இடது பக்கத்தில் இப்போது அது நிற்கிறது. ஜன்னல் எங்கே திறந்தாலும் ஒரே தட்டில் நம் ஃபோல்டருக்குப் போய்விடலாம்.

விலைப்பட்டியலின் பெயரில் தேதியையும் சேர்த்தோம். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், 2025-10-06 என்பது போல எழுதினால், பட்டியல்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். வெறும் 'விலைப்பட்டியல்', 'புதியது', 'புதியது இரண்டு' என்ற பெயர்களுக்கு எங்கள் கடையில் இனி இடமில்லை. அனுப்புவதற்கு முன் ஃபைலை ஒரு முறை திறந்து பார்ப்பதும் கட்டாயம்.

எல்லாம் செய்து முடித்ததும் 'சோதனை' என்று ஒரு ஃபைல் தயாரித்துச் சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்து, எங்கே போயிருக்கிறது என்று பார்த்தோம். புதுத் தராசு வந்தால் படிக்கல்லை வைத்துப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'டி' டிரைவில் வைத்துவிட்டால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். பல கம்ப்யூட்டர்களில் 'சி'யும் 'டி'யும் ஒரே டிஸ்கின் இரண்டு அறைகள்தான். விண்டோஸை மறுபடி போடும்போது 'டி' தப்பிக்கலாம்; டிஸ்கே போய்விட்டால் இரண்டும் போகும். ஆகவே தினமும் கடை அடைக்கும்போது வெளி டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அந்த நகலைத் திறந்து வேலை செய்வதில்லை. நகல் நகலாகவே இருக்க வேண்டும்.

சட்டமும் கேட்கிறது

இது வசதிக்கான விஷயம் மட்டும் அல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டுப் படிவத்தின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்குக் கெடு 2024 டிசம்பர் 31. அப்படியானால் 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. அதிகாரி வந்து கேட்கும்போது, "அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்" என்று பதில் சொல்ல முடியாது.

சிலர் சொல்லும் சமாதானம்

"எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நல்லதுதான், நாங்கள் அதற்கு விரோதி இல்லை. ஆனால் கிளவுடிலும் ஃபோல்டர் உண்டு. அதிலும் ஒரே பெயரில் இரண்டு பட்டியல்கள் இரண்டு ஃபோல்டரில் இருக்க முடியும். இடத்தைத் தீர்மானிக்காதவனுக்குப் பெரிய கிட்டங்கி கிடைத்தால், தேடும் தூரம்தான் கூடும்.

"இந்த வயதில் இதையெல்லாம் நாங்கள் படிக்க வேண்டுமா?" என்று எங்கள் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள்தான் நாங்களும். கம்ப்யூட்டர் முழுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பேரேடு எழுத கணக்குப்பிள்ளை இருந்த காலத்திலும், பேரேடு எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவு தெரிந்தால் போதும்.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள்

நம் சங்கம் எத்தனையோ வரிக் கூட்டங்கள் நடத்துகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஞாயிறு மாலை, இரண்டு மணி நேரம், இந்த ஒரு விஷயத்தை மட்டும் திரையில் காட்டிச் சொல்லித்தர வேண்டும். கணக்கு எழுதுபவரும் முதலாளியும் சேர்ந்தே வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் பாதிப் பயன்தான்.

இரண்டாவது, கடையில் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர்களிடம், கணக்கு எந்த ஃபோல்டரில் சேர்கிறது, பேக்கப் எங்கே போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கும் வழக்கத்தை நாம் கொண்டுவர வேண்டும். அந்தத் தாள் கல்லாப்பெட்டியில் இருக்கட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் சங்கத்துக்கு அல்ல, நம் ஒவ்வொருவருக்கும். ஃபைல் காணோம், பட்டியல் மாறிவிட்டது என்றால், ஆளைத் திட்டுவதற்கு முன் ஜன்னலின் மேலே எழுதியிருக்கும் ஃபோல்டர் பெயரைப் பாருங்கள். அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாமல், நான்கு வருடம் நாணயமாக உழைத்த ஒருவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தோம்.

2025 அக்டோபர் 1ஆம் தேதி ஆயுதபூஜை. வருடாவருடம்போல் தராசுக்கும் கல்லாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். அந்த வருடம் பொரிகடலை கொடுப்பதற்கு முன், அதே மூட்டை இறக்கும் ஆட்கள் நிற்கும்போதே, அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "அன்றைக்குத் தப்பு எங்கள் மேல்தான்" என்று சொன்னோம். எல்லோர் முன்னாலும் திட்டியதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும். அது பற்றுவரவு நியாயம். போன் போட்டுக் கேட்ட கடைக்காரருக்கும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

வணிகப் பெருமக்களே! இன்று மாலை கடை அடைப்பதற்கு முன், உங்கள் கம்ப்யூட்டரின் பக்கத்தில் ஒரு முறை உட்காருங்கள். "நம் கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். காட்டியதை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சரக்கு இருக்கும் இடம் போலவே கணக்கு இருக்கும் இடமும் நமக்குத் தெரிந்திருக்கட்டும்.